சத்துணவுத் தட்டில் நம்ம ஊர்ச் சாப்பாடு: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு எல்லாம் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாரம்பரிய உணவு என்றால் சிறுதானியம் மட்டும்தானா?

இல்லை. அந்தந்த ஊரில் விளைவதும், அங்கே இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை அன்றாடம் சமைத்ததும் எல்லாமே இதில் வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கேழ்வரகுக் களி. கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் சாமைச் சோறு. விருதுநகர் பக்கம் குதிரைவாலி. கோவில்பட்டி கரிசலில் கம்பஞ்சோறு. கொங்குப் பகுதியில் கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்பும். நெல்லைச் சீமையில் உளுந்தங்களி. சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு, தூத்துக்குடியில் பனங்கிழங்கு. இவற்றோடு முருங்கைக்கீரை, அகத்தி, தட்டைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, எள்ளு, பரங்கிக்காய்.

சிறுதானியத்துக்கு இப்போது நல்ல விளம்பரம் கிடைத்துவிட்டது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அதற்கு ஒரு காரணம். 2016-ஐ சர்வதேச பயறு ஆண்டாக அறிவித்திருந்தும், பயறுக்கும் கீரைக்கும் அந்த அளவு விளம்பரம் கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் தட்டில் முதலில் கூட வேண்டியவை அவைதான் என்பது என் கருத்து.

இப்போது சத்துணவில் என்ன தருகிறார்கள்? அதில் என்ன குறை கண்டீர்கள்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கருணாநிதி ஆட்சிக் காலங்களில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, 2010-ல் வாரம் ஐந்து என்று ஆனது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காமராஜர் காலத்திலிருந்து எந்த ஆட்சியும் நிறுத்தாமல், ஒவ்வொன்றும் ஏதாவது சேர்த்துக்கொண்டே போன திட்டம் இது.

இனி தட்டுக்கு வருவோம். வெஜிடபிள் பிரியாணி, கருப்புக் கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், சாம்பார் சாதம், மீல்மேக்கர் சாதம், புளிசாதம், எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை அல்லது கீரை சாதம் என்று பட்டியல் போகிறது. பெயர் மாறுகிறதே தவிர, அடியில் இருப்பது எல்லா நாளும் ஒரே வெள்ளை அரிசி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம், மேல் வகுப்புக்கு 150 கிராம். தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம்கூடத் தேறாது. இரும்புச்சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுண்ணாம்பு 650 மில்லிகிராம், இரும்பு 15 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. வயிறு நிறைகிறது, பசி என்ற பிரச்சினையைத் திட்டம் பெரிதும் தீர்த்துவிட்டது. அடுத்த வேலை இந்தப் பள்ளத்தை நிரப்புவது.

கேழ்வரகில் அப்படி என்ன இருக்கிறது?

சுண்ணாம்புச்சத்து. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். தானியங்களில் வேறு எதுவும் இதன் பக்கத்தில் வராது. காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த புட்டோ அடையோ சாப்பிட்டால், சின்னப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவையானதில் கால் பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. பால் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

புரதத்துக்கு மட்டும் கேழ்வரகை நம்பாதீர்கள். அதில் 100 கிராமுக்கு 7 கிராம்தான், அரிசியைவிட அதிகமில்லை. அதனால்தான் களிக்குக் கீரைக் குழம்போ கொள்ளோ கருவாட்டுக் குழம்போ வைத்துச் சாப்பிட்டார்கள்.

எல்லாச் சிறுதானியமும் ஒரே மாதிரிதானே?

கடையில் அப்படித்தான் விற்கிறார்கள். கம்பில் இரும்பும் புரதமும் அதிகம். புரதம் 11 கிராமை ஒட்டி. சாமை, வரகு, தினை, குதிரைவாலி ஆகியவற்றின் கதை, அவற்றை எவ்வளவு தீட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உமியை மட்டும் நீக்கிய சாமை வேறு, தவிடு முழுக்கப் போய் வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமை வேறு. முழுக்கத் தீட்டிய சாமையை அரிசியின் விலையைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வாங்கிப் பிள்ளைக்குப் போட்டால், பெயர்தான் சிறுதானியம். பள்ளிக்கு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருப்பதே நல்லது.

இரும்புச்சத்து இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அது உடம்பில் சேர்வதில்லை என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மை. தானியத்திலும் பயறிலும் பைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் குறைக்கும் வழி நம் சமையலிலேயே இருக்கிறது: ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது. கம்பங்கூழைப் புளிக்கவைத்ததும், கேழ்வரகை முளைகட்டி அரைத்ததும் ருசிக்காக மட்டுமல்ல.

அடுத்து, வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி கூடவே இருந்தால் செடி உணவில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். சத்துணவுப் பட்டியலில் எலுமிச்சை சாதத்தோடு சுண்டல் வருகிறது. அருமையான ஜோடி அது. ஆனால் எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் புளிப்பு மிஞ்சும், வைட்டமின் குறைந்துவிடும். இன்னொன்று: சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. இது பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்!

பிள்ளைகள் இதையெல்லாம் சாப்பிட மாட்டார்கள். வீட்டிலேயே சாப்பிடுவதில்லையே?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பெங்களூரின் புறநகர்ப் பள்ளிகளில் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்துத் தரும் அட்சய பாத்திரம் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து, சுமார் 1,500 வளரிளம் பிள்ளைகளிடம் மூன்று மாதம் ஒரு சோதனை செய்தன. கேழ்வரகு இட்லி, சிறுதானியத்தில் செய்த பிசிபேளாபாத், உப்புமா, கிச்சடி என்று கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. வழக்கமான அரிசி சாம்பார் சாப்பிட்ட பிள்ளைகளைவிட இவர்களின் வளர்ச்சி கூடியிருந்தது. உணவின் ருசிக்கும்கூடப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த உணவில் பருப்பும் காயும் கூடுதலாக இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறுதானியம் தனியாக எல்லாவற்றையும் செய்துவிடவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் களியும் கூழும் கொடுக்கவில்லை என்பதை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்த பதார்த்தத்தில் தானியத்தை மாற்றினார்கள். நாமும் அப்படியே தொடங்கலாம். வெண்பொங்கலில் அரிசிக்குப் பதில் சாமை அல்லது குதிரைவாலி. ரவா கிச்சடிக்குப் பதில் தினைக் கிச்சடி. கேழ்வரகில் சேமியா. முதல் மாதம் அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்தால்கூடப் போதும். “இது உடம்புக்கு நல்லது, சாப்பிடு” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன எதையும் எந்தப் பிள்ளையும் விரும்பிச் சாப்பிட்டதில்லை.

ஆசிரியர்கள் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட்டால், அந்தப் பள்ளியில் பாதி வேலை முடிந்தது.

அப்படியென்றால் உண்மையான தடை எது?

சமையலறை. பிள்ளைகளின் நாக்கைக் குறை சொல்வது சுலபம் என்பதால் எல்லோரும் அதையே சொல்கிறோம்.

ஒரு சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பேர் இருப்பார்கள்; காலி இடம் இருந்தால் இரண்டு பேர். காலையில் வந்து, காய் நறுக்கி, முட்டை அவித்து உரித்து, நூறு பேருக்குச் சோறு வடித்து, மணியடிப்பதற்குள் தயாராக வேண்டும். இப்போது கேழ்வரகுக் களி கிண்டச் சொல்லுங்கள். நாலு பேருக்குக் களி கிண்டினாலே தோள்பட்டை வலிக்கும். நூறு பேருக்கு யார் கிண்டுவது? கட்டி தட்டினால் யார் திட்டு வாங்குவது?

சாமை, வரகில் பொடிக்கல் இருக்கும். அரித்தெடுக்க நேரமும் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் அளவு அரிசி மாதிரி இல்லை. ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை என்று தானியத்துக்குத் தானியம் மாறும். சூடு ஆறினால் குதிரைவாலி விறைத்துப் போகும், கடைசி வரிசைப் பிள்ளைக்குப் போகும்போது தொண்டையில் இறங்காது. கம்பு மாவை அரைத்து நாள் கடத்தினால் கசக்கும், அதில் கொழுப்பு அதிகம். இதெல்லாம் தெரியாமல் மேலிருந்து ஒரு உத்தரவு மட்டும் வந்தால், இரண்டு வாரம் நடக்கும், மூன்றாவது வாரம் பழையபடி தக்காளி சாதம்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் சமையலர்களைக் கேளுங்கள்: எது முடியும், எது முடியாது? களி, தோசை, அடை போன்றவற்றைப் பெரிய பள்ளியில் விட்டுவிடுங்கள். பொங்கல், கிச்சடி, உப்புமா, புட்டு, சுண்டல், கீரைக் கூட்டு, கொள்ளுச் சாறு ஆகியவை அண்டாவுக்கு ஏற்றவை. கல் நீக்கிச் சுத்தம் செய்த தானியத்தைத்தான் மையத்துக்கு அனுப்ப வேண்டும். தானியத்துக்கு எவ்வளவு காசு கூடுகிறது என்று கணக்குப் போடும்போது, சமையலருக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது என்றும் போட வேண்டும்.

தானியம் எங்கிருந்து வரும்? விலை கட்டுப்படியாகுமா?

சத்துணவு அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வருகிறது. அதே வழியில் கேழ்வரகும் வந்தால் சிக்கல் பாதி குறையும். இது நடக்காத காரியம் இல்லை: 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடு தொடங்கியது. கொள்முதல், கிடங்கு, லாரி எல்லாம் ஒரு தடவை ஓடிப் பார்த்த பாதை இருக்கிறது.

மலைக் கிராமங்களில் தடை வேறு. சாமையின் உமியை நீக்குவது பெண்கள் தலையில் விழுந்த வேலை; உரலில் குத்திக் குத்தியே பலர் சாமையைக் கைவிட்டு மரவள்ளிக்குப் போனார்கள். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறு அரவை இயந்திரங்களை வைத்தபோதுதான் அந்தப் பாரம் கொஞ்சம் குறைந்தது. பள்ளி என்பது ஆண்டு முழுக்க, நிச்சயமாக, இவ்வளவு கிலோ வாங்கும் வாடிக்கையாளர். அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்தால் மெஷின் போடவும் ஆள் வரும், விதைக்கவும் ஆள் வரும். பிரேசில் இதைச் சட்டமாகவே வைத்தது: 2009-ல், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்க வேண்டும் என்று.

காலை உணவுத் திட்டத்தில் சிறுதானியத்துக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி, ரவை, சேமியா அல்லது அந்தந்த ஊரில் விளையும் சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று கணக்கு. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் செய்யலாம் என்றும் திட்டத்தின் அரசாணையிலேயே இருக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியலும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. மதியச் சாப்பாட்டைவிடக் காலையில் தொடங்குவதுதான் சுலபம்.

முட்டைக்குப் பதிலாக இதையெல்லாம் கொடுக்கலாமா?

கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம் முதல் தரமான புரதம், பி12, வைட்டமின் ஏ எல்லாம் இருக்கிறது. எந்தச் சிறுதானியமும் அந்த இடத்தை நிரப்பாது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். புரதக் கணக்கில் அது ஈடே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் சேர்த்துக் கொடுப்பது நியாயம். “பாரம்பரியம்” என்ற பெயரில் முட்டையை எடுக்கச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள். நாட்டுக்கோழி முட்டையும் நெத்திலியும் நண்டும் நம் பாரம்பரியம் இல்லையா என்ன?

முருங்கைக்கீரைப் பொடி தூவினால் போதுமா?

ஒரு சிட்டிகை தூவினால் போட்டோவுக்குப் போதும். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பும், வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். ஆனால் அளவு வேண்டும். ஒரு பிள்ளைக்கு 30, 40 கிராம் பச்சைக் கீரையாவது சாம்பாரிலோ பருப்புக் கூட்டிலோ போக வேண்டும். கரோட்டின் சேரக் கொஞ்சம் எண்ணெயும் வேண்டும்.

பள்ளி வளாகத்தில் நாலு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, வேலி ஓரம் அகத்தி. மத்திய அரசு 2019-ல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெரிய இடம் தேவையில்லை. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்பதை மட்டும் நடுவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். பள்ளித் தோட்டங்கள் காய்ந்துபோவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். கீரை ஆய்ந்து தர நேரமில்லை என்பது சமையலர்களின் நியாயமான குறை. அதைத் தாய்மார்கள் குழு முறை வைத்துச் செய்யும் பள்ளிகளில் கீரை நிற்காமல் வருகிறது.

மாப்பிள்ளை சம்பா, கருப்புக்கவுனி மாதிரி அரிசிகள்?

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் போன்றவர்கள் இந்த விதைகளைத் தேடிக் காப்பாற்றினார்கள்; பெரிய காரியம். ஆனால் இன்றைய விலையில் மாநிலம் முழுக்கப் பள்ளிக்குக் கொண்டுவருவது நடக்காது. விளையும் ஊரில், அறுவடைக் காலத்தில், மாதம் ஒருமுறை பாயசமாகவோ கஞ்சியாகவோ தரலாம். சத்து பெரிதும் தவிட்டில்தான் இருக்கிறது என்பதால், சாதாரண அரிசியையே கொஞ்சம் குறைவாகத் தீட்டினால் அதே பணத்தில் அதிகப் பலன்.

செறிவூட்டிய அரிசி இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்த மணிகளை, சாதாரண அரிசியோடு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். சில பிள்ளைகள் அதை “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவில் செய்ததுதான், பயம் வேண்டாம். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ள பிள்ளை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதில் சுண்ணாம்பு இல்லை, நார்ச்சத்து இல்லை, கூடுதல் புரதமும் இல்லை. அது இருக்கட்டும், பயறும் கீரையும் கேழ்வரகும் அதன் மேல் வரட்டும்.

வேறு மாநிலங்களில் செய்கிறார்களா?

கர்நாடகத்தில் 2024 முதல் பள்ளிகளில் பாலோடு ராகி மால்ட் தருகிறார்கள். ஒடிசாவில் சில மாவட்ட அங்கன்வாடிகளில் ராகி லட்டு. இரண்டு இடத்திலும் எடுத்துக்கொண்டது ஒரே தானியம், ஒரே பதார்த்தம். பத்து தானியம், இருபது செய்முறை என்று அகலக் கால் வைக்கவில்லை.

என் பிள்ளைக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ்தான். என்ன வைக்கலாம்?

ஆறினாலும் நன்றாக இருப்பதாகப் பாருங்கள். தோசை மாவில் நாலில் ஒரு பங்கு கேழ்வரகோ கம்போ சேர்த்து அரைத்த தோசை, எள்ளுப்பொடி, முளைகட்டிய பச்சைப்பயறு போட்ட எலுமிச்சை சாதம், முருங்கைக்கீரை அடை, கொள்ளுத் துவையல் தடவிய இட்லி. இடைவேளைக்கு பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் கடலை மிட்டாய், அவித்த சர்க்கரைவள்ளி, கொய்யா. சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்று வருவதை வாங்கும் முன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் முதலில் நிற்பது மைதாதான்.

நிலக்கடலை பாதுகாப்பானதா?

பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பை இரக்கம் பார்க்காமல் எறிய வேண்டும். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எப்படிப் பேசுவது?

“பாரம்பரிய உணவு வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒரு பதார்த்தத்தோடு, அளவோடு, ஆளோடு போங்கள். வடமாவட்டங்களில் வீட்டில் செய்யும் கேழ்வரகுச் சிமிலி என்ற இனிப்பு உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகளுக்குக் கேழ்வரகு மாவு 2 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, கால் கிலோ எள்ளு, கொஞ்சம் உப்பு. வீட்டில் அடை தட்டிச் செய்வோம். பள்ளியில் மாவை உப்புத் தண்ணீர் தெளித்துப் புட்டாக அவித்துவிடலாம். வறுத்த கடலையையும் எள்ளையும் ஒன்றிரண்டாகப் பொடித்து, வெல்லத்தோடு சூடான புட்டில் போட்டுப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வரும். தலைக்கு 20 கிராம் கேழ்வரகும் 10 கிராம் கடலையும் போகிறது. ஏறக்குறைய 4 கிராம் புரதம், 70 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்பு. அன்றைக்குச் செய்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மறுநாள் தாங்காது. உருண்டை பிடிக்க நாலு தாய்மார்கள் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டு, எந்தக் கிழமை என்று கேளுங்கள்.